பழைய வீடு, புதிய பாஷை

சென்ற மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். ‘பத்து வருஷத்துக்கு முன்னால் என் மகன் வீட்டில் தானாக எரிந்து அணையும் விளக்குகள் போட்டுக் கொடுத்தான். இப்போது மாடியிலும் போட வேண்டும். கடைக்குப் போனால் ஜிக்பீ என்கிறார்கள், வைஃபை என்கிறார்கள், மேட்டர் என்கிறார்கள். பழசோடு எது சேரும்? தலை சுற்றுகிறது’ என்று. சகோதரி, உங்களுக்குச் சுற்றிய அதே தலை போன ஆடி மாதம் எனக்கும் சுற்றியது. எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன். அதில் உங்கள் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

எங்கள் ஊர் மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்கு உடனே தெரியும். ஆனி, ஆடி என்றால் சாரல். சாரல் என்றால் காற்று. காற்று என்றால் கரண்ட் போகும். எங்களுடையது முன்கட்டு, நடுக்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் வண்டி போல நீண்ட பழைய வீடு. ஒன்றரை அடிச் சுவர். குளியலறையும் கழிப்பறையும் புறவாசலைத் தாண்டி, கல் பாவிய முற்றத்தின் ஓரத்தில்.

2014-ல் என் மகன் வேலைக்குப் போன புதிதில், முன்கட்டிலும் நடுக்கட்டிலும் ஒன்பது சுவிட்சுகளுக்குப் பின்னால் சின்னச் சின்ன டப்பாக்களை வைத்துப் பூட்டினான். ஆள் நடந்தால் விளக்கு எரியும், விடிந்தால் அணையும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அப்போது 70 வயது. “இது என்னளா, பேய் வீடு மாதிரி!” என்று சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. புறவாசலுக்கு மட்டும் அப்போது போடவில்லை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டதுதான் வினையாகப் போயிற்று.

போன ஆடியில் ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணி இருக்கும். அத்தை எழுந்து போயிருக்கிறார்கள். நடுக்கட்டு வரை விளக்கு தானாக எரிந்திருக்கிறது. அந்த வெளிச்சத்திலிருந்து சட்டென்று புறவாசல் இருட்டுக்குள் கால் வைத்ததும் கண்ணே தெரியவில்லை. கல்லில் பாசி. வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. நான் எழுந்து பார்க்கும்போது மணி மூன்றே கால். முக்கால் மணி நேரம் சாரலில் உட்கார்ந்திருக்கிறார்கள். “கூப்பிட்டேன்ளா, ஓட்டு மேல தண்ணி விழுத சத்தத்துல ஒனக்குக் கேக்கல” என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

‘விழுந்தது தானே, எலும்பு கூடிவிடும்’ என்று நாம் லேசாக நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததனால் இறந்துபோகிறார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே மிக அதிகம். வயதான கண்ணுக்கு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதிக நேரம் பிடிக்கும். ஆகவே பாதி வழிக்கு மட்டும் விளக்குப் போடுவது, சில சமயம் விளக்கே போடாததைவிட ஆபத்து. இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

மாவுக்கட்டுப் போட்டு அத்தை வீட்டுக்கு வந்ததும் வீட்டில் மாநாடு கூடியது. என் வீட்டுக்காரர், “ஒரு பல்ப ராத்திரி பூரா எரிய விட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் இத்தனை கச்சேரியா?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 5 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு பத்து மணி நேரம் எரிந்தால், மாதத்துக்கு ஒன்றரை யூனிட்தான். முதல் மாதம் நாங்கள் அதைத்தான் செய்தோம். உங்கள் வீட்டில் வேறு ஒன்றும் செய்ய முடியாவிட்டால் இன்று ராத்திரியே அதைச் செய்துவிடுங்கள். ஆனால் என் கவலை வேறு. விளக்கு எரிந்தால் வழி தெரியும். போனவர் திரும்பி வராவிட்டால் யாருக்குத் தெரியும்? அதற்கு ஏதாவது ஏற்பாடு வேண்டும் அல்லவா?

பெங்களூரிலிருந்து மகன் போனில் சொன்னான். “அம்மா, பழசையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு மொத்தமா புதுசு போட்டுரலாம். ஆச்சி எந்திரிச்சா என் போனுக்கே மெசேஜ் வந்துரும். ஒரு கேமராவும் வச்சிரலாம்.” பிள்ளை பாசத்தில்தான் சொன்னான். ஆனால் பக்கத்தில் இருந்த அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது.

“ஏளா, நான் ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சுப் போறேன்னு பெங்களூர்ல இருக்கவனுக்கு எதுக்குளா தெரியணும்? எனக்கு மானம் இல்லையா? ஒனக்குத் தெரிஞ்சா போதும்” என்றார்கள்.

நியாயமான பேச்சு. அன்று முடிவு செய்தேன். எந்த ஏற்பாடு வந்தாலும் அந்தச் செய்தி இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கிற்று. மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ அலுவலகம் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கம்ப்யூட்டர் சமாசாரம் கைவந்திருக்கிறது. எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினாள். அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்.

புரோட்டோகால் என்பது ஒரு பாஷை. சுவிட்சும் விளக்கும் சென்சாரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற பாஷை. தெலுங்கு பேசுகிறவரிடம் மலையாளத்தில் சொன்னால் காரியம் நடக்குமா? அப்படித்தான் இதுவும். முதன்முதலில் பரவலாக வந்த பாஷை எக்ஸ்-10. 1975-ல் ஸ்காட்லாந்தில் உருவாக்கினார்கள். வீட்டுக் கரண்டு கம்பி வழியாகவே செய்தி போகும். அதற்குப் பிறகு கம்பி இல்லாமல் ரேடியோ அலையில் பேசும் பாஷைகள் வந்தன.

எங்கள் வீட்டில் பழைய ஒன்பது டப்பாக்களும் பேசியது இசட்-வேவ். டென்மார்க்கில் பிறந்த பாஷை. இந்தியாவில் அது 865.2 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. 865 முதல் 867 வரை உள்ள அலைவரிசையைத் தனி லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க நம் அரசாங்கம் 2005-ல் அனுமதி கொடுத்தது. அந்த அலை கனமான சுவரையும் ஓரளவு தாண்டிப் போகும். பழைய கருவியும் புதிய கருவியும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் என்பதும் இதில் ஒரு நல்ல குணம்.

‘அப்படியானால் அதையே வாங்கலாமே?’ என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நியூஜெர்ஸியிலிருந்து வந்த என் நாத்தனாரிடம் சொல்லி, நாலு இசட்-வேவ் சென்சார் வாங்கிவரச் செய்தேன். ஒன்றும் பேசவில்லை. எதிர் வீட்டுப் பெண் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சித்தி, இது அமெரிக்காவுக்கு உள்ளது. 908 மெகாஹெர்ட்ஸ். நம்ம வீட்டுப் பெட்டிக்கு இது கேக்கவே கேக்காது” என்றாள். அது மட்டுமில்லை. நம் நாட்டில் 890 முதல் 915 வரை உள்ள அலைவரிசை கைபேசிகள் கோபுரத்தோடு பேசுவதற்கு ஒதுக்கப்பட்டது. 908 அதற்குள்தான் விழுகிறது. அதை இங்கே உபயோகிப்பதே தப்பு. வெளிநாட்டு உறவினர்களிடம் இந்தச் சாமான்களைச் சொல்லிவிடும் சகோதரிகள் இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் விற்பது 868.4. அதுவும் நமக்கு ஆகாது. இந்திய அலைவரிசைக்கான சென்சார்களோ, நான் விசாரித்த இடங்களில் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் விலை அதிகம்.

அடுத்தது வைஃபை. விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் இந்த மலிவுச் சாமான்களில் பல, நம் வீட்டுச் செய்தியை எங்கோ தூரத்தில் கம்பெனிக்காரன் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அது திருப்பிச் சொன்ன பிறகுதான் வேலை செய்கின்றன. எல்லாம் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெட் போனால் விளக்கும் போகும் என்றால் சாரல் காலத்தில் எங்களுக்கு அது உதவாது. பேட்டரியில் ஓடும் சென்சாருக்கும் வைஃபை தோதுப்படாது, பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கம்பெனியை நம்பி இருப்பதில் இன்னொரு அபாயம். அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு பெட்டி விற்றார்கள். 2014-ல் நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் அந்தப் பெட்டிகளுக்கான சேவையை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் திடீரென்று நின்றன. சுவர் சுவிட்சுகள் வேலை செய்தன, ஆனால் போனில் இருந்த ஆப் செத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர்களே சிலர் சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி மீண்டும் உயிர் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்குமா?

மூன்றாவது ஜிக்பீ. இது 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. உலகம் முழுக்க அதே அலைவரிசை, ஆகவே எங்கே வாங்கினாலும் இங்கே பேசும். சென்சார்கள் மலிவு. சின்ன பேட்டரியில் நீண்ட நாள் ஓடும். குறை என்னவென்றால், கனமான சுவரைத் தாண்டுவதில் இதற்குச் சிரமம் அதிகம். ஆனால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கரண்டில் ஓடும் ஜிக்பீ கருவி ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ளதன் செய்தியை வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடும். நம் புறவாசல்களில் இந்த வீட்டுச் சேதி நாலு வீடு தள்ளிப் போகிறதே, அந்த மாதிரி! நடு வீட்டுக்காரி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் சேதி நின்றுவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கடைசியாக மேட்டர். பெரிய கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கி, 2022 அக்டோபரில் வெளியிட்ட பொதுப் பாஷை. நல்ல யோசனை. எதிர்காலம் இதற்குத்தான் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். இருக்கட்டும். ஆனால் எங்கள் பழைய டப்பாக்கள் ஒன்பதுக்கும் அது புரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி வேண்டும். நன்றாக உழைக்கிற ஒன்பதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்க எனக்கு மனம் வரவில்லை. அத்தை அவற்றோடு பத்து வருஷம் பழகியிருக்கிறார்கள்.

‘எது புதுசு, எது நல்லது?’ என்பதுதான் கேள்வி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. ‘நெட் போனாலும், கரண்ட் போனாலும் வேலை செய்யுமா? செய்தி வீட்டுக்குள்ளேயே இருக்குமா?’ இதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டதும் முடிவு தானாக வந்தது. பழைய இசட்-வேவ் அப்படியே இருக்கட்டும், புறவாசலுக்கு ஜிக்பீ போடலாம், இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு பெட்டியை வீட்டுக்குள் வைக்கலாம். ராஸ்பெரி பை என்கிற, உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டென்ட் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, பாஷைக்கு ஒன்றாக இரண்டு ரேடியோ குச்சிகளைச் செருகினோம். பழைய பெட்டி வெளியூருக்குப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

வேலை ஒரே நாளில் முடியவில்லை. இசட்-வேவ் டப்பா ஒன்று பழைய பெட்டியிலிருந்து முறைப்படி விலகினால்தான் புதியதில் சேரும். ஒன்பது போர்டையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. புறவாசல் போர்டைத் திறந்த எலக்ட்ரீஷியன், “அம்மா, இதுல நியூட்ரலே இல்ல. அந்தக் காலத்துல பேஸ் மட்டுந்தான் எறக்கிருக்காங்க” என்றார். பழைய வீடுகளில் இது சகஜம். பக்கத்து பிளக் போர்டிலிருந்து நியூட்ரல் கம்பி இழுத்தார். ‘கம்பி இழுக்க வேண்டாத மாதிரியும் கிடைக்கும்’ என்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை சேதியை அடுத்ததற்குத் தள்ளுவதில்லை என்பதால் வேண்டாம் என்றேன்.

தானாக எரியும் பல்பு வாங்காமல், சுவிட்சுக்குப் பின்னால் டப்பா வைத்ததற்கும் காரணம் உண்டு. அத்தை படுக்கப் போகுமுன் எல்லா சுவிட்சையும் தட்டி அணைத்துவிட்டுத்தான் போவார்கள். அறுபது வருஷப் பழக்கம். பல்புக்குள் புத்தி இருந்தால், சுவிட்சை அணைத்ததும் அந்தப் புத்தியும் தூங்கிவிடும். சுவிட்சுக்குப் பின்னால் இருந்தால் அவர்கள் பழக்கத்துக்கு ஒரு பங்கமும் இல்லை.

எல்லாம் முடிந்த அன்று மாலை ஏழு மணிக்கு நான் ஒரு காரியம் செய்தேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். இன்வெர்ட்டர் வந்தது, பெட்டி உயிரோடு இருந்தது, புறவாசலுக்கு நடந்தேன். விளக்கு எரியவில்லை! எதிர் வீட்டுப் பெண்ணை ஓடிவரச் சொன்னேன். பார்த்தால், சேதியைத் தள்ளிவிட அடுக்களையில் வைத்திருந்த ஜிக்பீ பிளக், இன்வெர்ட்டர் லைன் இல்லாத பிளக் பாயின்டில் இருக்கிறது. நடு வீட்டுக்காரி ஊரில் இல்லை! அதை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியதும் சரியாயிற்று. அன்று சோதித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அடுத்த சாரல் ராத்திரியில்தான் தெரிந்திருக்கும்.

இப்போது ராத்திரியில் அத்தை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததும் தரையோரமாக மங்கலான மஞ்சள் விளக்கு எரியும். நடுக்கட்டு, அடுக்களை, முற்றம், குளியலறை வரை அதே அளவு வெளிச்சம். புறவாசல் கதவு திறந்து கால் மணி நேரத்தில் திரும்பி வரும் நடமாட்டம் தெரியாவிட்டால் என் அறையில் மட்டும் ஒரு சின்ன மணி அடிக்கும். கேமரா கிடையாது. யார் போனுக்கும் மெசேஜ் கிடையாது. அத்தை போட்ட நிபந்தனை அப்படியே நிறைவேறியது.

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி அந்த மணி அடித்தது. கரண்டும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தை குளியலறை ஸ்டூலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “கிறுகிறுன்னு வந்துச்சு. எந்திரிக்கப் பயமா இருந்துச்சு. நீ வருவேன்னு தெரியும், அதான் சத்தம் போடல” என்றார்கள். மறுநாள் டாக்டர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நின்றதும் இறங்குகிறது என்று கண்டுபிடித்து மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். போன ஆடியில் விழுந்ததற்குக்கூட அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார்.

பழைய ஏற்பாட்டை விரிவாக்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

1. முதலில் வீட்டில் இருப்பது எந்தப் பாஷை என்று தெரிந்துகொள்ளுங்கள். டப்பாவின் மேலேயே பெயரும் அலைவரிசையும் இருக்கும். இசட்-வேவ் என்றால் 865.2 என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

2. உழைக்கிறதைக் கழற்றாதீர்கள். இரண்டு பாஷையும் தெரிந்த பெட்டி ஒன்று போதும். நெட் இல்லாமல் அது வேலை செய்யுமா என்று கடையில் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நெட்டை அணைத்து நீங்களே சோதியுங்கள்.

3. பெட்டி, வழியில் உள்ள ஜிக்பீ பிளக்குகள், ராத்திரி விளக்குகள் எல்லாம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை மெயினை அணைத்து நடந்து பாருங்கள்.

4. ஜிக்பீ குச்சியைப் பெட்டியில் நேராகச் செருகாமல், ஒரு சிறு நீட்டிப்பு ஒயரில் தள்ளி வையுங்கள். வைஃபை பெட்டிக்கும் அதற்கும் சில அடி இடைவெளி இருக்கட்டும்.

5. சென்சாரில் பேட்டரி மாற்றிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். பட்டன் பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

6. பெரியவர்கள் ராத்திரி எழும்போது ஓரிரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு நிற்கட்டும். தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

7. எந்தக் கருவி வைப்பதானாலும், யாருக்காக வைக்கிறோமோ அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார்கள். “என் கதையத்தான் பத்திரிகையில எழுதுதியா?” என்றார்கள். “ஆமாம் அத்தை, வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னியளே, எழுதலாமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலு பேர் வீட்டுல கெழவிக விழாம இருப்பாகன்னா எழுது” என்றார்கள். எழுதிவிட்டேன்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் முற்றத்துப் பாசியை வழுக்காமல் வைத்துக்கொள்வது பற்றிப் பேசுவோம்.